கப்பலா, கடற்கரை விடுதியா? தேனிலவுக்கு இரண்டு சரித்திரங்கள்



தேனிலவு என்பது இன்று நமக்குப் பழகிப்போன சொல். நம் பாட்டிமார் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கு அது சினிமாவோடு வந்தது. 1961-ல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ படம் எடுத்தார். ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் காஷ்மீரில் ஏரியும் மலையுமாகத் திரிந்ததைப் பார்த்துத்தான், கல்யாணம் ஆனால் இப்படியும் ஒன்று உண்டு போலிருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இதற்கு இரண்டு பெயர் தெரியும். ஒன்று ‘லூன் த மியேல்’. தேன் நிலவு என்றே பொருள். இன்னொன்று ‘வொயாழ் த நோஸ்’. கல்யாணப் பயணம். முதலாவது மனசு சம்பந்தப்பட்டது. இரண்டாவதற்கு டிக்கெட் வாங்க வேண்டும். வோல்தேர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஸாதிக்’ கதையில் தேன் நிலவு வருகிறது. அந்த மனிதர் சும்மா விடுவாரா? அடுத்த மாதத்துக்கும் ஒரு நிலவு வைத்து, அதற்கு ஒரு கசப்புப் பூண்டின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

கல்யாணப் பயணம் என்ற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களில் வளர்ந்தது. கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன உறவினர்களைப் பார்க்கப் புதுத் தம்பதி ஊர் ஊராகப் போவார்கள். சில சமயம் சொந்தக்காரர்களும் கூடவே போவார்களாம். அப்புறம்தான் ரயில் வந்து, இத்தாலி, தென் பிரான்சு, அமெரிக்காவில் நயாகரா என்று பயணம் நீண்டது. உறவினர் வீடு போய் விடுதி வந்தது.

ஆரம்பத்தில் இருந்த அந்தப் பழக்கம் நமக்குத் தெரியாததா? மறுவீடு, மாமா வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து! எனக்குக் கல்யாணம் ஆனது 1976-ல். முதல் பதினேழு நாளில் பதினோரு வீட்டில் விருந்து. எந்த வீட்டில் எந்தக் குழம்பு என்று என் மனைவி இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். அந்தப் பதினேழு நாளில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மாட்னி ஷோ நேரம் வராது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் தங்கையின் பேத்தி பாரிசுக்குப் பக்கத்தில் நர்சாக இருக்கிறாள். அவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் பையன் காரைக்காலிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம், ரயில்வேயில் வேலை. இவளுக்கு ராத்திரி டூட்டி, அவனுக்கு விடியற்காலை டூட்டி. பழகி நான்கு வருஷம் ஆகியும், சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு இருவருக்கும் கிடைத்ததில்லை. கல்யாணத்தை ஒட்டிப் பத்து நாள் கிடைத்திருக்கிறது. சேமிப்பும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் தாங்கும். பிரெஞ்சு அந்தீய் தீவுகளுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஏழு நாள் தீவு தீவாகச் சுற்றும் உல்லாசக் கப்பலா, அல்லது ஒரே கட்டணத்தில் அறை, சாப்பாடு, பானம், விளையாட்டு எல்லாம் அடங்கிய கடற்கரை விடுதியா என்பதில்தான் இழுபறி. “தாத்தா, நீங்கதான் எந்தக் கணக்கையும் பிரிச்சு மேஞ்சிடுவீங்களே, சொல்லுங்க” என்று இரண்டு விளம்பரத் தாளையும் அனுப்பிவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பயணப்படி பில்லும் எல்.டி.சி. பில்லும் சரிபார்த்தவன் நான். ஒரு பில் கைக்கு வந்தால் முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது வழக்கம். இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

கப்பலின் கதை

கப்பல் என்றால் பழைய புதுவைக்காரர்களுக்கு உல்லாசம் நினைவுக்கு வராது. சைகோன் வரும், மர்ஸேய் வரும். சொல்தாவாகப் போனவர்கள், கச்சேரி உத்தியோகத்துக்குப் போனவர்கள், அவர்களுக்குப் பின்னால் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாகப் போன பெண்கள் எல்லாருக்கும் ‘மெஸாழெரி மரித்தீம்’ கம்பெனியின் பெயர் தெரியும். கப்பல் என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு. ஏறினால் எப்போது இறங்குவோம் என்றிருக்கும்.

சும்மா சுற்றிப் பார்க்கக் கப்பலில் போகலாம் என்பதை முதலில் வியாபாரமாக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனியார். 1844-ல் மத்தியதரைக் கடலுக்கு டிக்கெட் விற்றார்கள். கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்கள்; அவரும் போய்வந்து ஒரு புத்தகம் எழுதினார். ஓசியில் கூட்டிப்போய் எழுத வைப்பது யூடியூப் காலத்துப் புத்தி என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

அடுத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின், ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் கம்பெனியை நடத்தியவர். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் பயணிகள் குறைந்துவிடுவார்கள். பெரிய கப்பல் சும்மா நிற்கும். நிற்கிற கப்பலுக்கும் சம்பளம், கரி, துறைமுகக் கட்டணம் உண்டு. ஆகவே 1891 ஜனவரியில் ‘அகஸ்தா விக்டோரியா’ என்ற கப்பலில் 241 பேரை ஏற்றிக்கொண்டு, தானும் கூடவே ஏறி, சுமார் இரண்டு மாதம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். அது நன்றாகப் போகவே, 1900-ல் உல்லாசப் பயணத்துக்கு என்றே ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயீஸ்’ என்ற கப்பலைக் கட்டினார். 1906-ல் அது ஜமைக்கா கரையில் தரைதட்டி அழிந்தது. இந்த ஜமைக்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உண்மையான திருப்பம் 1958-ல். அந்த அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஓடத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாயிற்று. பிரான்சுக்கு அது புரியவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கௌரவம் விடவில்லை. 1960 மே மாதம் சேன் நஸேரில் ஜெனரல் தெ கோல் முன்னிலையில், அவர் மனைவி கையால், ‘பிரான்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 316 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பயணிகள் கப்பல். 1962-ல் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு வருஷந்தான். எண்ணெய் விலை ஏறியது. 1974-ல் அரசாங்கம் மானியத்தை நிறுத்தியது. ஊழியர்கள் கப்பலைப் பிடித்துவைத்துப் போராடிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. ல ஹாவ்ர் துறைமுகத்தில் அது கட்டிக்கிடந்த இடத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘மறதித் துறை’. மிஷேல் சர்து அந்தக் கப்பலே பேசுவதுபோல் பாடிய பாட்டு 1975-ல் வந்தது. பிரான்சிலிருந்து லீவில் வந்தவர்கள் கொண்டுவந்த கேசட்டில் நம்மில் சிலர் கேட்டிருப்போம்.

1979-ல் நார்வேக்காரர் க்னுட் க்ளோஸ்டர் அதை வாங்கினார். ‘நார்வே’ என்று பெயர் மாற்றி, 1980-லிருந்து மயாமியிலிருந்து கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலாக ஓட்டினார். போய்ச்சேர அவசரப்பட்டவர்களுக்காகக் கட்டிய கப்பல், எங்கும் போய்ச்சேர வேண்டாதவர்களின் கப்பலாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. மெஸாழெரி மரித்தீமின் ‘காம்போஜ்’ கப்பலைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953-லிருந்து மர்ஸேயிலிருந்து கீழ்த்திசைக்கு ஓடியது. 1970-ல் கிரேக்கக் கம்பெனி ஒன்று அதை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் இடித்துக் கட்டி, ‘ஸ்தெல்லா ஸொலாரிஸ்’ என்ற உல்லாசக் கப்பலாக்கியது. சொல்தாக்கள் வரிசையில் நின்ற தளத்தில் நீச்சல்குளம். கடைசியில் இந்தக் கப்பலும் சரி, அந்த ‘பிரான்ஸ்’ கப்பலும் சரி, நம் குஜராத்தில் ஆலங் கடற்கரைக்கு வந்துதான் இரும்பாக உடைபட்டன.

ஆக, உல்லாசக் கப்பல் என்பது வேலை போன கப்பலுக்குத் தேடிக்கொடுத்த மறுவேலை. அமெரிக்காவில் கார்னிவல் கம்பெனி 1972-ல் பழைய அட்லாண்டிக் கப்பல் ஒன்றை வாங்கித்தான் தொடங்கியது. முதல் பயணத்திலேயே, முந்நூறு பயண ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு, மயாமி வாசலிலேயே மணலில் தட்டி நின்றது. இருந்தாலும் பிழைத்து, உலகத்திலேயே பெரிய கம்பெனியாகிவிட்டது. 1977-ல் ‘லவ் போட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்து, கப்பல் என்றால் காதல் என்று அமெரிக்க வீடுகளில் பதியவைத்தது. தேனிலவுக்காரர்கள் கப்பலேறியது அதற்குப் பிறகு அதிகமாயிற்று.

நம் ஊரில் இந்த விவகாரம் 2022 ஜூனில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பல் புதுவைக் கடலில் வந்து நிற்கப் போகிறது என்றார்கள். உள்ளே சூதாட்டம் இருக்கிறது, கலாசாரம் கெடும் என்று எதிர்ப்பு வந்து, அனுமதி கிடைக்கவில்லை. கடற்கரைச் சாலையில் அன்று நடந்த வாதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

விடுதியின் கதை

விடுதியின் வேர் வேறு. அதற்கு 1936-க்குப் போக வேண்டும்.

அந்த ஜூனில் லெயோன் ப்ளூம் தலைமையில் இருந்த மக்கள் முன்னணி அரசாங்கம், பிரான்சில் எல்லாத் தொழிலாளருக்கும் வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் செய்தது. லெயோ லக்ராங்ழ் என்ற துணை அமைச்சர் ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் குறைத்து டிக்கெட் கொடுக்கவைத்தார். கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளிகள் சைக்கிளிலும் ரயிலிலும் கடற்கரைக்குப் போனார்கள். அதே கோடையில், ஜூலை 30-ஆம் தேதி, அதே கொடியின் கீழ், புதுவையில் மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது கடற்கரை லீவு அல்ல. எட்டு மணி நேர வேலை. அடுத்த ஆண்டு அந்தச் சட்டம் நமக்கு வந்தது. பள்ளியில் பிரான்சின் 1936-ஐப் படித்தோம். புதுவையின் 1936-ஐ வீட்டுத் திண்ணையில்தான் கேட்டோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை; இன்று எழுதிவிட்டேன்.

யுத்தம் முடிந்தபிறகு, பெல்ஜியம் நாட்டுக்காரரான ழெரார் ப்ளிட்ஸ் என்ற நீர்ப்பந்து ஆட்டக்காரர், நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்கள் உடம்பு தேற ஒரு மலை விடுதியை நடத்தினார். மனிதர்கள் மறுபடி சிரிக்க என்ன வேண்டும் என்று அங்கே பார்த்தார். வெயில், கடல், விளையாட்டு, கூடிச் சாப்பிடுதல். 1950-ல் ‘க்ளப் மெதித்தெரானே’ என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். அன்று அது கம்பெனி இல்லை. நம் ஊர் வாசகசாலை மாதிரி ஒரு சங்கம். அந்தக் கோடையில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்குதியா என்ற இடத்தில், கூடாரம் அடித்து முதல் கிராமம். கூடாரம் கொடுத்தது திரிகனோ குடும்பம். அந்தக் குடும்பத்து ழில்பெர் திரிகனோ, எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர், கம்யூனிஸ்டுப் பத்திரிகையில் எழுதியவர், 1954-ல் சங்கத்திலேயே சேர்ந்து, பின்னால் அதைப் பெரிய கம்பெனியாக்கினார்.

அங்கே பணத்தைக் கண்ணில் காட்டக்கூடாது என்பது விதி. எல்லாவற்றுக்கும் முன்னாலேயே ஒரே தொகை. மதுவுக்கு மட்டும் தனி; அதற்கும் காசுக்குப் பதில் கழுத்தில் போட்டுக்கொள்ளும் மணிமாலை. ஒரு மணியைக் கழற்றிக் கொடுத்தால் ஒரு குவளை. விருந்தாளியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. விருந்தாளிக்கு ‘ழாந்தி மாம்ப்ர்’, அன்பான உறுப்பினர். வேலை செய்பவர் ‘ழாந்தி ஒர்கனிஸாத்தர்’, அன்பான ஏற்பாட்டாளர். சாப்பாட்டு மேசைக்கு எட்டு பேர். யார் பக்கத்தில் யார் என்பது அதிர்ஷ்டம். தனியாக வந்தவர் முன்பின் தெரியாத ஒருவரோடு குடிசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேனிலவுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் உண்டா? என் பதினோரு விருந்து இதற்கு எவ்வளவோ மேல்.

இந்த ‘எல்லாம் அடங்கிய’ முறையைத் தம்பதிகளுக்கு என்று மாற்றியவர்கள் ஜமைக்காக்காரர்கள். அங்கே ஈஸா குடும்பம் 1949-ல் ‘டவர் ஐல்’ என்ற ஹோட்டல் கட்டியிருந்தது. 1970-களில் ஜமைக்காவில் அரசியல் சண்டை, துப்பாக்கி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெள்ளைக்காரப் பயணிகள் ஹோட்டலுக்கு வெளியே வரப் பயந்தார்கள். அப்படியானால் வெளியே வரவே தேவையில்லாத ஹோட்டல் வேண்டும். 1978-ல் ‘டவர் ஐல்’ ஹோட்டலை ‘கப்பிள்ஸ்’ என்று பெயர் மாற்றி, தம்பதிகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். 1981-ல் புட்ச் ஸ்டூவர்ட் என்ற வீட்டுச் சாமான் வியாபாரி, குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் விற்றுவந்தவர், மொன்டேகோ பேயில் ஒரு பழைய ஹோட்டலை வாங்கி ‘ஸாண்டல்ஸ்’ என்று திறந்தார். மது உட்பட எல்லாம் ஒரே கட்டணம். டிப்ஸ் வாங்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் வரவேண்டும். இது கரீபியன் முழுக்கப் பரவியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ப்ளிட்ஸ் பணத்தை ஒளித்தது, உள்ளே இருப்பவர்களுக்கு நடுவில் ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாமலிருக்க. ஜமைக்காவில் மதில் எழுப்பியது, வெளியே இருக்கும் ஏழை கண்ணில் படாமலிருக்க. ஒரே கட்டணம், ஒரே முறை. காரணம் மட்டும் தலைகீழ். மதிலுக்கு வெளியே இளநீர் விற்பவனுக்கும் டாக்ஸி ஓட்டுபவனுக்கும் அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனக்குறை உண்டு. கப்பலைப் பற்றியும் துறைமுக ஊர்க் கடைக்காரர்கள் இதையேதான் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள், வயிறு நிறைந்து இறங்குகிறார்கள், சாயங்காலம் ஏறிவிடுகிறார்கள்.

காலப்போக்கில் இந்த இரண்டு சரித்திரமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டது. க்ளோஸ்டரின் கப்பல் கம்பெனி 1977-ல் பஹாமாஸில் ஒரு குட்டித் தீவையே வாங்கி, தன் பயணிகளுக்கு மட்டும் கடற்கரையாக்கியது. க்ளப் மெதித்தெரானே 1990-ல் ‘க்ளப் மெத் 1’ என்று பாய்மரக் கப்பலே விட்டது. கப்பல் கரை தேடியது. விடுதி கடலில் இறங்கியது. 2015-ல் அந்தப் பிரெஞ்சுச் சங்கத்தைச் சீனக் கம்பெனி ஒன்று வாங்கியும் விட்டது.

பில் சரிபார்த்தது

இனி பேத்தியின் தாள்கள். இரண்டிலும் ‘எல்லாம் அடக்கம்’ என்ற தொனி. பில் குமாஸ்தாவுக்கு ‘எல்லாம்’ என்ற சொல்லைப் பார்த்தால் பேனா எழும்.

கப்பல் கட்டணத்தில் அறை, சாப்பாடு, ஆட்டம்பாட்டம் அடக்கம். மது, இணையம், கரையில் சுற்றிக்காட்டுவது, ஊழியர்களுக்கான தினசரிப் படி ஆகியவை பெரும்பாலும் தனி. கப்பல்காரர் லாபம் பார்ப்பது இந்தத் தனிக் கணக்கில். மேலே தெரியும் விலை அதனால்தான் குறைவு. விடுதியில் விலை பெரிதாகத் தெரியும். ஆனால் மது வரைக்கும் அதில் வந்துவிடும். ஆக, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கடைசி வரியை மட்டும் ஒப்பிடக்கூடாது. கப்பல் தொகையோடு தனிக் கணக்கையும் கூட்டி, இரண்டு பக்கமும் விமானக் கட்டணம் போட்டு, பிறகு பார்க்க வேண்டும். அப்படிப் போட்டதில் இரண்டுக்கும் வித்தியாசம் அவள் நினைத்ததில் பாதிகூட வரவில்லை.

அறை: கப்பலில் மலிவான அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே விடிந்ததா இல்லையா தெரியாது. ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்துப் பகலில் திரை போட்டுத் தூங்கும் பெண்ணுக்கு, தேனிலவிலுமா வெளிச்சமில்லாத அறை?

காலம்: கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் முடிய புயல் காலம். கப்பல் புயலை விட்டு விலகி ஓடும். ஆனால் பார்க்கவேண்டிய தீவு மாறிப்போகும். விடுதி ஓட முடியாது. இவர்கள் போவது பிப்ரவரியில், ஆகவே இந்தத் தலைவலி இல்லை.

நேரம்: கப்பல் ஒரு துறையில் காலையில் நின்றால் சாயங்காலம் புறப்பட்டுவிடும். கையில் கிடைப்பது எட்டு, பத்து மணி நேரம். ஏழு நாளில் ஐந்து தீவு பார்த்தேன் என்று சொல்லலாம். நான்கு வருஷமாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிற இரண்டு பேருக்கு இன்னொரு கால அட்டவணை வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஆளுக்கு ஆள் இது மாறும். ஓய்வாகவே இருக்கிறவர்கள், ஊர் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் கப்பலில் போகலாம். அதில் தப்பே இல்லை.

இவர்களுக்கு நான் சொன்னது: மார்த்தினிக் தீவில் விடுதி. ஆனால் எல்லா நாளும் மதிலுக்குள் இருப்பதற்கு இல்லை. நடுவில் இரண்டு நாள் வெளியே வர வேண்டும். கட்டிய பணத்தில் இரண்டு நாள் சாப்பாடு வீணானால் ஆகட்டும். அதற்குக் காரணமும் சொன்னேன்.

அந்தக் கடலுக்குப் போன முதல் கப்பல்

1848-ல் பிரான்சு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை ஆனவர்களில் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு விலகினார்கள். முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-ல் புதுவையிலிருந்து ‘ஒரேலி’ என்ற கப்பல், முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, மே மாதத்தில் மார்த்தினிக்கின் சேன் பியேர் துறையைச் சேர்ந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு இன்னொரு கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1880-கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். பெரும்பகுதி புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். கணவன் மனைவியாகப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் சாப்பாடு, இடம், வேலை எல்லாம் அடக்கம் என்றுதான் ஒப்பந்தத் தாளில் இருந்தது. திரும்பும் பயணமும் எழுதியிருந்தது. திரும்பி வந்தவர்கள் சிறு பகுதிதான்.

அவர்களுடைய வாரிசுகள் இன்று பிரெஞ்சும் கிரெயோலும் பேசுகிறார்கள். தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் இருக்கிறாள். மதுரைவீரன் ‘மால்தெவிதான்’ ஆகி, குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். குவாதலூப்பில் கப்பெஸ்தேர் பக்கம் ஷாங்ழி என்ற இடத்தில் சாலையோரத்திலேயே கோயில். கோபுரத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அங்குள்ள கடைகளில் ‘கொலொம்போ’ என்று விற்கும் மசாலாப் பொடியில் மல்லியும் மஞ்சளும் கடுகும் இருக்கிறது. ஆட்டுக்கறியைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது என்ன குழம்பு என்று உங்கள் மூக்கே சொல்லிவிடும்.

கல்யாணப் பயணம் என்பது, விட்டுப்போன உறவினர்களைப் பார்க்கப் போனதில்தான் தொடங்கியது என்று மேலே எழுதினேன். இந்தப் பிள்ளைகளுக்கு மார்த்தினிக்கில் சித்தப்பா வீடு கிடையாது. இருந்தாலும் அந்தத் தீவில் ஒரு பிற்பகல் செலவழித்து சேன் பியேர் துறையில் நின்று பார்க்கலாம். இரண்டு தீவுக்கும் நடுவில் பயணிகள் படகு ஓடுகிறது, மனமிருந்தால் ஷாங்ழி வரைக்கும் போய் ஒரு சூடம் ஏற்றலாம். அதற்கு எந்த விளம்பரத் தாளிலும் கட்டணம் போடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ‘காம்போஜ்’ கப்பலில் போனவர்கள் இருந்தால், அல்லது அந்தீய் தீவுகளுக்குப் போன மூதாதையர் பற்றி ஒரு பெயரோ ஒரு கடிதமோ மிஞ்சியிருந்தால், எனக்கு எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் புதுவையில் அந்த ஆட்களைக் கப்பலேற்றிய முறையைப் பற்றி எழுத நினைத்திருக்கிறேன்.